செத்த காலேஜுக்கு ஒரு நிமிடப் படம்

நான் எடுத்த முதல் அருங்காட்சியகப் படத்தில் ஒரு முதலை தாமரைப் பூவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதற்கடுத்து இதய வடிவத்துக்குள் இரண்டு மயில்கள். பின்னணியில் நாதஸ்வரம். இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்தப் படத்தால் ஓர் அருங்காட்சியகமே கல்யாண மண்டபமாக மாறியிருக்க வேண்டியது. மாறவில்லை. அந்தப் பெருமையில் எனக்கும் பாதி உண்டு, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன மாதம் மூன்று இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நகரத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்கு முப்பது விநாடி வீடியோக்கள் எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகள். "சார், அப்பல்லாம் ஒரு ஆப் கூட கிடையாதே, பாவம், எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னைச் சுட்டது. அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் நான் சொன்னது கால்வாசிதான். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எல்லாப் பையன்களையும் போல நானும் அந்த கேட்டுக்குள் போவேன் என்றுதான் வீட்டில் நம்பினார்கள். இரண்டு முறை தேர்வு எழுதினேன், இரண்டு முறையும் தேறவில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஸ்டுடியோவில் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு வீடியோ கேமரா வாங்கினார். அதைத் தூக்கத் தோள் பலம் வேண்டும் என்பதால் என்னிடம் கொடுத்தார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அவர் சொல்லிக்கொடுத்த சட்டமும் ஒன்றுதான்: பந்தியில் உட்கார்ந்த ஒருவர் முகம்கூட விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போன சித்தப்பா ஒருவர் இருந்தால் போதும், அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணம் நமக்கு வராது.

தொண்ணூறுகள் தொடங்கியபோது எனக்குச் சொந்தமாக ஒரு கடை, ஒரு வி.எச்.எஸ். கேமரா, இரண்டு டெக், ஒரு மிக்ஸிங் பெட்டி எல்லாம் இருந்தன. லைட் பிடிக்க ஏழுமலை இருந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன், வெள்ளானூர்க்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நடவும் அறுப்பும் பார்த்தவர்கள். அவன் ஒரு பட்டறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு என்னிடம் வந்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது. மாப்பிள்ளையின் மீசையில் ஆரம்பித்து ரசத்தின் உப்பு வரைக்கும் அவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு.

ஒரு ஏப்ரல் மாதம் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கதர்ப் புடவை, கையில் குடை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. டாக்டர் மங்கையர்க்கரசி, நசரத்பேட்டை பக்கம் இருந்த ஒரு சிறிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். விலங்கியல் படித்த டாக்டர். அந்தக் காலத்துப் பங்களாக்காரர் ஒருவர் சேர்த்து வைத்த பறவைகள், மிருகங்கள், ஸ்பிரிட் ஜாடிகளில் பாம்பும் மீனும், இவற்றை ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொண்டது. பார்க்கத்தான் ஆள் வருவதில்லை.

"பசங்க லீவு முடியறதுக்குள்ள ஜனங்க வரணும் சம்பத்," என்றார். "இல்லேன்னா டிரஸ்ட்ல மூடிடறதா இருக்காங்க. கேபிள்காரங்க ரெண்டு சினிமாவுக்கு நடுவுல ஒரு நிமிஷம் தர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்தை நீங்க எடுத்துத் தரணும்."

அவர் போனதும் ஏழுமலை சிரித்தான். "இன்னாண்ணாத்தே, செத்த காலேஜுல போயி இன்னாத்த எடுக்கப் போறோம்? அங்க கீறதுல ஒண்ணாவது கண்ண சிமிட்டுமா?"

சென்னையில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். ஏழுமலை அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவன் போலச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஒரே காலையில் எடுத்து முடித்தேன். எனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தேன். கூடத்தில் இருந்த நூற்றுப் பத்து உருப்படிகள், ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி. தாமரை, இதயம், சுழலும் நட்சத்திரம் என்று மிக்ஸிங் பெட்டியில் இருந்த அத்தனையையும் போட்டேன். தொடக்கத்தில் பங்களாவின் தூண் வைத்த முகப்பு, முடிவில் மஞ்சள் எழுத்தில் 'அனைவரும் வருக'. கல்யாண கேசட்டை யாரும் முன்கூட்டிப் பார்த்துச் சம்மதம் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் மேடத்திடம் காட்டாமலே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கேபிள்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மேடம் வீட்டில் டி.வி. கிடையாது.

ஒரு வாரம் ஓடியது. அருங்காட்சியகத்துக்கு ஐந்து குடும்பங்கள் வந்தன. ஐந்தும் கேட்டது ஒரே கேள்வி: ஆவணியில் எந்த முகூர்த்தம் காலியாக இருக்கிறது?

மேடம் கேசட்டைக் கேட்டு வாங்கினார். அலுவலக அறையில் டி.வி.யை வரவழைத்து, முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அவர் முறை எப்போதும் இதுதான். பின்னால் எத்தனையோ படங்களை அவரிடம் இப்படிக் காட்டிவிட்டு நான் நகம் கடித்திருக்கிறேன். திட்டவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைக்கும் நேரம் நீளநீள, வேலை அவ்வளவு மோசம் என்று அர்த்தம்.

அன்று ரொம்ப நேரம் துடைத்தார். "ஏழுமலை, இந்தப் படத்துல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார்.

ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்தான். "பூவு தான் மேடம் ஞாபகம் கீது."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய அடி இரண்டு நாள் கழித்துக் கடைக்கே வந்தது. டிரஸ்டி தனபாலன் வந்திருந்தார். நசரத்பேட்டையின் பெரிய மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சூப்பர் தம்பி! நாலு வருஷமா நான் வாயால சொல்லிகினு கீறேன், அந்தக் கட்டடம் மண்டபத்துக்குத்தான் லாயக்குன்னு. ஒருத்தனும் கேக்கல. நீ ஒரே கேசட்ல காட்டிட்ட. மே கடைசி ஞாயித்துக்கிழம டிரஸ்ட்டு ஆளுங்கள இட்டாந்து ஹாலை அளக்கப் போறோம். மண்டபம் வந்தா வீடியோ மொத்தமும் உனக்குத்தான். வேற எவனும் உள்ள கேமரா தூக்க முடியாது."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு மண்டபமே என் கைக்குள் என்றால் கல்யாண வீடியோக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? நான் சும்மா இருந்தாலே போதும், அது தானாக வந்து மடியில் விழும். ஆனால் அவர் எழுந்து போகும்போது என் முதுகில் தட்டி, "அதே மாதிரி இன்னொண்ணு போட்டு வுடு" என்றார். அங்கேதான் எனக்கு ஏறியது. நான் ஊற்றி மூடிய ஒரு வேலைக்கு இந்த மனிதர் மாலை போடுகிறார்! என் பிழையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்! மறுநாள் காலை கேமராவைத் தூக்கிக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போய் நின்றேன். "இன்னொரு தடவை எடுக்கிறேன் மேடம்" என்றேன். மூன்று வாரம்தான் இருந்தது.

"கேமராவைக் கீழே வைங்க," என்றார் மேடம். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தார். கூடத்துக்குள் பேனா கூடாது, மை சிந்தினால் போகாது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் நின்று, அடியில் ஒட்டியிருந்த சீட்டை முழுவதும் நகல் எடுக்க வேண்டும். எதை எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் பேச்சு. நரி, உடும்பு, நீர்க்காகம் என்று நான் கல்யாணத்தில் மொய் எழுதுபவன் போல எழுதிக்கொண்டே போனேன். பங்களாக்காரர் பொடி எழுத்தில், தமிழில், ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தையும் எழுதி வைத்திருந்தார். குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. நான் எடுத்த நூற்றுப் பத்து அரை விநாடிகளில் ஒன்றில்கூட அந்தச் சீட்டு விழவில்லை.

எனக்குக் குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது. ஏழுமலையைச் சீட்டுகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவன் ஐந்தாவதுவரை படித்தவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நான்காவது வரிசையில் ஒரு பறவைக்கு முன்னால் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணாத்தே, இங்க வா. நத்தைகுத்தி நாரை. வெள்ளானூர் ஏரி. எங்க ஊரு பேரு போட்டுகீது!"

அவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. கல்யாண கேசட்டை ஜனங்கள் எதற்காகத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? மாப்பிள்ளையைப் பார்க்கவா? பந்தியில் தங்கள் முகம் எங்கே வருகிறது என்று பார்க்கத்தான். நோட்டைப் புரட்டினேன். நரி, குத்தம்பாக்கம். நீர்க்காகம், அம்பத்தூர் ஏரி. மரநாய், ஆவடி. ஜாடியில் விலாங்கு, செம்பரம்பாக்கம். எல்லார் ஊரும் அங்கே இருந்தது.

"மேடம், அஞ்சே அஞ்சு. அஞ்சுக்கும் ஊர் பேரு. வேற ஒண்ணும் வேணாம்."

மேடம் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

ஆனால் லைட் போட முடியாது. கல்யாணத்தில் நாங்கள் பிடிக்கும் லைட்டுக்குப் பக்கத்தில் நின்றால் மாப்பிள்ளைக்கே முகத்தில் பவுடர் கரையும். அறுபது வருஷத்து இறகும், ஸ்பிரிட் ஜாடியும் அந்தச் சூட்டைத் தாங்காது. முதல் தடவை நான் போட்டது மேடத்துக்குத் தெரியாமல் போட்டது. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்டேன். லைட் இல்லாமல் எடுத்தாலோ அந்த வி.எச்.எஸ். கேமராவில் எல்லாம் புள்ளி புள்ளியாக, மணல் கொட்டின மாதிரி விழுந்தது. ஒரு நாள் முழுக்க எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை.

வழி கண்டுபிடித்தவன் ஏழுமலைதான். மறுநாள் மூன்று சக்கர வண்டியில் மூன்று பீரோக் கதவுகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். ஆள் உயரக் கண்ணாடி பதித்த கதவுகள். ஒன்று அவன் வீட்டு பீரோ, ஒன்று என் வீட்டு பீரோ, மூன்றாவது யாருடையது என்று இன்றுவரை சொல்லவில்லை. என் மனைவியிடம் என்ன சொல்லிக் கழற்றினான் என்பதும் எனக்குத் தெரியாது. முற்றத்தில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று, கூடத்துக்குள் ஒன்று. முற்றத்து வெயில் முதல் கண்ணாடியில் விழுந்து, இரண்டாவதுக்குத் தாவி, மூன்றாவதிலிருந்து பறவைமேல் வந்து நின்றது. கண் கூசியது. ஏழுமலை இடுப்பில் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் குறுக்கே பிடித்தான். அரைக்கால் சட்டையோடு அவன் நிற்க, மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேட்டி வழியாக இறங்கிய வெளிச்சம் பால் மாதிரி இருந்தது.

மேடம் அதற்கும் ஒரு சட்டம் வைத்தார். பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு டிகிரி ஏறினால் "போதும்" என்பார். உடனே கண்ணாடியைத் திருப்பிவிட வேண்டும். ஆறிய பிறகுதான் அடுத்தது. சூரியனும் நமக்காக நிற்காது, நான்கு நிமிடத்தில் வெளிச்சம் நகர்ந்துவிடும். மூன்று கதவையும் மறுபடி நகர்த்த வேண்டும். ஜாடியை மட்டும் வெயில் படாமல், வெள்ளைச் சுவரில் வெளிச்சத்தை விழவைத்து எடுத்தோம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் அந்த முற்றத்தில் வெயில். ஐந்து உருப்படிக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் இரண்டு முகூர்த்தங்களை விட்டேன்.

கடைசியாக நாரை. நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். கதவைக் கொஞ்சம் சாய்த்ததும் அந்தச் சந்து வழியாக வெளிச்சம் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், ரெக்கார்டு பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். "சம்பத், டிகிரி ஏறுது," என்று மேடம் சொன்ன பிறகுதான் அழுத்தினேன். என் தொழிலில் நான் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அதுதான். ஏழு விநாடி.

படம் சரி, பேச்சு யாருடையது? ஏழுமலை குரல்தான் என்று நான் சொன்னேன். அவனை மைக் முன்னால் உட்காரவைத்தால், ரேஷன் கடை அறிவிப்பு படிப்பவன் போல ஆகிவிட்டான். "இது... வெள்ளானூர் ஏரியில்... கிடைக்கப்பெற்ற பறவையாகும்." பதினோரு முறை எடுத்தோம், பதினொன்றும் அப்படியே. வியர்வையில் சட்டை நனைந்து, "என்ன வுட்ரு அண்ணாத்தே" என்று கெஞ்சினான்.

மேடம் மெல்ல வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். "ஏழுமலை, இந்த அலகுல ஏன் சந்து இருக்கு? உடைஞ்சு போச்சா?"

ஏழுமலைக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "இன்னா மேடம் நீங்க, டாக்டரு பட்டம் வாங்கிகினு இப்டி கேக்குறீங்க! ஒடயறதாவது! நத்தைய கவ்வறதுக்கோசரம் கீது மேடம் அது. எங்க ஊரு ஏரியில காலைல வந்து பாருங்க, நத்தைய புட்ச்சி, ஓட்ட அப்டியே தள்ளிட்டு, சதைய மட்டும் துன்னும். எங்கம்மா நடவு நடச்சொல்லோ பக்கத்துலயே நின்னுகினு இருக்கும், பயப்படாது. வெள்ளானூரு நாரைன்னா சும்மாவா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலைக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் முகத்தைப் பார்த்து மேடம் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "என்னைத் திட்டினதையும் வைங்க. அவர் சொன்னது அத்தனையும் சரி," என்றார்.

இரண்டு டெக்கை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிந்து வெட்டினேன். அந்த டெக்கில் பொத்தானை அழுத்திய பிறகு டேப் ஓட அரை விநாடி பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே அழுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் நாரை பேச்சு நரிமேல் ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு பகல் முழுக்க இதே வேலை. தாமரை இல்லை, நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. நாரை, பிறகு நான்கு உருப்படி, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பொடி எழுத்துச் சீட்டு திரை நிறைய. கடைசியில் அருங்காட்சியகத்துக்கு வரும் வழி. மேடம் மூன்று முறை பார்த்தார், கண்ணாடியைத் தொடவில்லை.

"பாட்டு இல்லாத விளம்பரமா?" என்று ஆவடி கேபிள்காரர் முகம் சுளித்தார். போட்டார். இரண்டாம் நாளே கடைக்கு ஆள் அனுப்பினார், இன்னொரு காப்பி வேண்டுமாம், டேப் தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம். பேருந்தில், டீக்கடையில், குவார்ட்டர்ஸ் மைதானத்தில் எங்கே போனாலும் "இன்னா மேடம் நீங்க, டாக்டரு பட்டம் வாங்கிகினு" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை தெருவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான்.

மே கடைசி ஞாயிறு பத்து மணிக்கு நானும் ஏழுமலையும் போனபோது சாலையிலேயே வரிசை நின்றது. வெள்ளானூரிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள். குத்தம்பாக்கத்திலிருந்து மாட்டு வண்டி இரண்டு. ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும். உள்ளே நரி பெட்டிக்கு முன்னால் ஒரு பெரியவர், இந்த நரியின் தாத்தாதான் தன் ஆட்டைத் தூக்கியது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்பத்தூர்க்காரர்கள் நீர்க்காகம்தான் அழகு என்று நாரைக் கட்சியோடு சண்டைக்கு நின்றார்கள். மேடம் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று, "கண்ணாடியில கை வைக்காதீங்க, கை வைக்காதீங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தனபாலன் மூன்று டிரஸ்டிகளோடும் அளவு நாடாவோடும் வந்தார். வாசலில் நுழைய முடியவில்லை. வரிசையில் இருந்த ஒரு பெண், "இன்னா பெரியவரே, நாங்கல்லாம் மனுசங்களா தெரியலியா? பின்னால வா" என்றாள். அவரும் கூட வந்தவர்களும் வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள். கூடத்துக்குள் வந்ததும் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கக்கூட இடம் இல்லை. தனபாலன் அதைச் சுருட்டி ஜிப்பாப் பைக்குள் வைத்தார். பெட்டி பெட்டியாக நின்று, குனிந்து, சீட்டுகளைப் படித்தார். ஐந்து, பத்து, இருபது. நான் அவர் பின்னாலேயே போனேன்.

கடைசிப் பெட்டி வரைக்கும் போய்விட்டு மேடத்திடம் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னாம்மா இது? வெள்ளானூருக்குக் கீது, குத்தம்பாக்கத்துக்குக் கீது, எங்கயோ கீற அம்பத்தூருக்குக் கூட கீது. கட்டடம் நிக்கறது எங்க ஊர்ல. நசரத்பேட்டைக்கு ஒண்ணும் இல்லியா?"

மேடம் ஸ்டூலிலிருந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இருக்கு சார். கொம்பன் ஆந்தை, ஜோடி. மாடி ரூம்ல பூட்டி வச்சிருக்கு. அந்த ரூமை மக்களுக்குத் திறந்து விடணும்னு மூணு வருஷமா உங்களுக்கு லெட்டர் போட்டுட்டு இருக்கேன்."

தனபாலன் கூட்டத்தைப் பார்த்தார். கூட வந்த டிரஸ்டிகளைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் அதற்குள் நாரைக் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தார். பிறகு இடுப்பு மடிப்பைத் தடவிச் சாவிக் கொத்தை வெளியே எடுத்து, ஒன்றைக் கழற்றி மேடத்தின் கையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஆந்தை படத்த எப்ப போடுவ?"